மெத்தை காயப்போட்ட குற்றம்

ஒரு பூச்சியைக் காட்டி, இது உன் வீட்டுப் பூச்சி என்று யாராவது என்னிடம் சொல்வதாக இருந்தால், முதலில் அந்தப் பூச்சியை என் கண்ணில் காட்ட வேண்டும். இது பெரிய சலுகையா? கோழி களவெடுத்தவனிடம்கூடக் கோழியைக் காட்டித்தானே கேட்பார்கள். நோர்வேயில், ஒஸ்லோ நகரத்து ட்வெய்ட்டாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் எங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பூச்சி என்னவென்று ஒருவருக்கும் தெரியுமுன்பே அதன் சொந்தக்காரர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. என் கணவர், இன்னுமா அதைக் கதைக்கிறாய் என்கிறார். இன்னும்தான் கதைக்கிறேன். எனக்கு ஆறவில்லை.

எனக்குப் பூச்சிகளைப் பற்றித் தெரியும். படித்துப் பட்டம் வாங்கிய அறிவு இல்லை. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிற எவருக்கும் இந்த நாட்டில் அது தானாக வந்துவிடும். வாரம் தவறாமல் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறோம். மழை, சேறு, குளிர் எதுவும் தடையில்லை. அங்கே கல்லைப் புரட்டி, மரப்பட்டையைக் கிளறி, அகப்பட்டதையெல்லாம் பிடித்து, மூடியில் பூதக்கண்ணாடி வைத்த சின்ன டப்பாவுக்குள் போட்டு, கால்களை எண்ணி, படப் புத்தகத்தில் தேடிப் பெயர் சொல்லி, பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பெயர் தெரியாமல் ஒரு பூச்சியையும் நசுக்கக் கூடாது என்பது எங்கள் காப்பகத்தின் சட்டம். நாலு வயதுப் பிள்ளை கடைப்பிடிக்கிற சட்டம் இது. வளர்ந்தவர்கள் கடைப்பிடிப்பதில்லை என்பதை நான் பிறகு கண்டுகொண்டேன்.

அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் அக்கா எங்களிடம் வந்தார். என் ஒரே கூடப்பிறப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல் நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அத்தான் காலமான பிறகு அங்கே தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. வடக்கில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத அந்த இருட்டில் அவர் ஒற்றையாகச் சோறு வடிப்பதை நினைத்தால் எனக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்காது. வா வா என்று நான்தான் அரித்தெடுத்தேன். கடைசியில் சம்மதித்தார். ஆனால் அங்குள்ள வீட்டை விற்கவில்லை. "ஒரு குளிர் இருந்து பாக்கிறன் பிள்ளை. எனக்கு ஒத்துவந்தால் பிறகு யோசிப்பம்" என்றார். எனக்கு அந்த ஒரு குளிர் போதும் என்று தோன்றியது. எப்படியாவது அவர் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஹம்மர்பெஸ்டில் வீட்டுக்குள் பூச்சி வருவது அபூர்வம். இங்கே புரட்டாதி பிறந்ததும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். வெளியில் குளிர் ஏற ஏற, சன்னல் சட்டத்தின் இடுக்கிலும் பால்கனிக் கதவின் கீழும் அவை ஒதுங்க இடம் தேடும். அக்காவுக்கு எல்லாமே புதிது. முதலில் பயந்தார். "இஞ்சை ஓடிவா, யானை நுளம்பு ஒண்டு நிக்குது" என்று குளியலறையிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நீளக்காலன். பார்க்க ராட்சத நுளம்பு மாதிரி இருக்கும், பாவம், கடிக்க வாயே இல்லாதது. வாலில் இடுக்கி வைத்த பூச்சி ஒன்று கறிவேப்பிலைச் சாடிக்கு அடியில் இருந்தது. பைன் மரத்துக் காய்களில் சாறு குடிக்கும் நீளமான மண்ணிறப் பூச்சி ஒன்று சிறு விமானம்போல இரைந்துகொண்டு வந்து திரைச்சீலையில் ஏறி உட்கார்ந்தது. பொறிவண்டுகள் சன்னல் மூலையில் கூட்டமாக உறங்கின.

நான் காப்பகத்து டப்பா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். வேலை விட்டு வந்தால் அக்கா டப்பாவுடன் வாசலில் நிற்பார்.

"இது கடிக்குமோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் செய்யாது. குளிருக்கு ஒதுங்க வந்திருக்கு."

"என்னை மாதிரி எண்டு சொல்லு."

இரண்டு பேரும் சிரிப்போம். அத்தான் போன பிறகு அக்கா அப்படிச் சிரித்ததை நான் அந்தப் பூச்சிகளால்தான் கண்டேன். ஒரு விஷயத்தை மறைக்கவில்லை: எங்கள் புட்டு மாவில் அந்துப்பூச்சி இருந்தது. அது எங்களுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். மா வாளியை வெளியே கொட்டிவிட்டு அலுமாரியைத் துடைத்தோம். எங்கள் பூச்சியை எங்கள் பூச்சி என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நவராத்திரி நெருங்கியது. அக்கா விரதக்காரர். விரதம் தொடங்கு முன் வீட்டைக் கழுவித் துடைத்து, படுக்கை, தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் தோய்த்துக் காயப்போடாவிட்டால் அவருக்குக் கும்பம் வைக்க மனம் வராது. சின்ன வயதிலிருந்து அம்மா பழக்கிவிட்ட பழக்கம். ஹம்மர்பெஸ்டில் பனியிலும்கூட அதைச் செய்திருக்கிறார். இங்கே நல்ல வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவரும் வீட்டில் இருந்த மெத்தை எல்லாவற்றையும் பால்கனியில் சாய்த்துவைத்தோம். சேலைகள், விரிப்புகள், போர்வைகள் என்று கீழே பொதுச் சலவை அறையில் தொடர்ந்து இரண்டு முறை எடுத்துத் தோய்த்தோம். பக்கத்து உலர்த்தும் அறையில் கொடி நிறையத் தொங்கவிட்டோம். வேலை முடிய அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, "இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வீடு என்று அவர் சொல்லவில்லை என்றாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது சுத்தம். மெத்தை வெளியே வந்தால் பூசை வருகிறது என்று அர்த்தம். ஆனால் கீழ்மாடியில் இருந்து அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

கீழ்வீட்டுப் பெண்மணி ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலம் முழுக்கக் காட்டில் கிடப்பார். மழைச்சட்டையும் கூடையுமாகப் போய்க் காளான் நிறையக் கொண்டுவருவார். படிக்கட்டில் கண்டால் சிரிப்பார். நல்ல மனுசி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஞாயிறு அன்று அவர் உலர்த்தும் அறையில் தன் துவாயை எடுக்கப் போயிருக்கிறார். மடித்த துவாயில் தட்டையான, மண்ணிறமான ஒரு பூச்சி ஊர்ந்திருக்கிறது. உடனே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, எங்கள் குடியிருப்புக்காரரின் பேஸ்புக் குழுவில் போட்டுவிட்டார். படம் கலங்கல். அதில் ஒரு மண்ணிறப் புள்ளிதான் தெரிந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தது இதுதான்: 'உலர்த்தும் அறையில் கண்டேன். மூட்டைப்பூச்சியா? நேற்று நம் படிக்கட்டு வாசலில் ஒரு வீட்டில் மெத்தை முழுவதையும் வெளியே போட்டிருந்ததைக் கவனித்தீர்களா? சொல்லாமல் மறைப்பது நல்லதல்ல.'

கவனித்தார்கள். எல்லோரும் கவனித்தார்கள். ஒருவர் பயந்துபோன முகம் ஒன்றைப் போட்டார். இன்னொருவர், அந்த வீட்டுக்குப் புதிதாக உறவினர் பெட்டிகளுடன் வந்திறங்கியதைத் தான் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். எங்கள் வாசலில் அன்று மெத்தை காயப்போட்ட வீடு ஒன்றுதான். பெயர் எதற்கு?

அக்காவுக்கு நோர்வேஜிய மொழி என்னைவிட நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் தொழிற்சங்கக் கூட்டங்களில் எழுந்து பேசியவர். நான் அதைக் காணுமுன் அவர் வாசித்துவிட்டார். நான் சமையலறைக்குள் போனபோது தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தோய்த்த சேலைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"நான் ஹம்மர்பெஸ்டுக்கே போறன்."

"ஒரு விசரி எழுதினதுக்கு நீங்கள் ஏன் போக வேணும்?"

அக்கா ஒரு சேலையை மடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருசம் மீன் மணத்தோடை வீட்டை வந்தனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஏனெண்டால் அங்கை எல்லாரிலையும் மீன் மணந்தது. இஞ்சை என்னிலை மட்டும் பூச்சி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தச் சமயம் பார்த்துக் குடியிருப்புச் சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார். தேன் வழியும் குரல். யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று தொடங்கினார். பூச்சி பிடிப்பவரை வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் வந்து பார்க்கும்வரை நாங்கள் சலவை அறைக்கு வராமல் இருந்தால் நல்லதாம். மெத்தைகளை வீசுவது பற்றியும் யோசித்துப் பார்க்கட்டாம். பயணப் பெட்டிகளில் இப்படியானவை வருவது சகஜம்தானே, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

"என் அக்கா வந்தது ஹம்மர்பெஸ்டிலிருந்து" என்றேன்.

"சரி, அதற்கு முன்பு?"

"அதற்கு முன்பும் ஹம்மர்பெஸ்ட்! முப்பது வருடமாக ஹம்மர்பெஸ்ட்!"

பிறகு, புரிகிறது என்றார். ஒன்றும் புரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் பூச்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். படத்தைப் பார்த்தாராம்.

இவர்கள்தான் இப்படி என்றால், எங்கள் ஆட்கள் அதற்கு மேலே. அடுத்த வாசலில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், வருடம் தவறாமல் எங்கள் வீட்டு நவராத்திரிப் பூசைக்கு வந்து கடலையும் அவலும் சாப்பிட்டுப் போகிறவள், அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. இந்தமுறை பூசைக்கு வரேலாது போல கிடக்கு."

"நீரும் நம்புறீரோ?"

"நம்புறன் எண்டில்லை. ஆனால் பேஸ்புக்கிலை போட்டிருக்கினமே."

எனக்குக் கீழ்வீட்டுப் பெண்மணியில் வந்த கோபத்தைவிட இவளில் வந்த கோபம் இரண்டு மடங்கு. வெள்ளைக்காரி பார்த்துப் பயந்தால் அவளுக்கு மெத்தை காயப்போடும் வழக்கம் தெரியாது என்று விடலாம். இவளுக்குத் தெரியாதா? இவளுடைய தாயும் பாயையும் தலையணையையும் முற்றத்தில் போட்டுத்தானே கும்பம் வைத்திருப்பாள்? தெரிந்திருந்தும், நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்ததால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

என் கணவர் பேருந்து ஓட்டிவிட்டுக் களைத்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடுமப்பா. பூச்சிக்காரன் வந்து பாத்திட்டுப் போகட்டும். இஞ்சத்தை ஆக்களோடை கொழுவி என்னத்தைக் காணப்போறம்?" என்றார். விடுவதா? உள்ளே அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் என்னைக் கண்டதும் அரை அடி பின்னால் போனார். என் உடுப்பைத்தான் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன் என்பதையும் அவர் பார்த்தார்.

"பூச்சியைக் காட்டுங்கள்" என்றேன்.

பூச்சிக்காரரிடம் கொடுப்பதற்காக ஜாம் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்தார். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். நான் அவருடைய சமையலறை மேசையிலேயே போத்தலைத் திறந்து, பூச்சியை என் டப்பாவுக்குள் தட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூதக்கண்ணாடியில் குனிந்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தோல் பதனிட்டதுபோல இறுகிய தட்டை உடம்பு. தடித்த கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கிபோல நகம். நண்டுமாதிரிப் பக்கவாட்டில் ஓடியது. தோளில், உடைந்த இறகின் கட்டை மிச்சம். மூட்டைப்பூச்சிக்கு ஏது இறகு? இது காட்டில் மானின் மேல் இருக்கும் ஈ. நோர்வேஜியர் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் மான்பேன் ஈ. இலையுதிர் காலத்தில் மரங்களுக்கிடையில் நடப்பவர்களின் மேல் வந்து விழும். விழுந்ததும் இறகை உதிர்த்துவிட்டு முடிக்குள்ளும் சட்டைக் கழுத்துக்குள்ளும் ஊரும். நகத்தால் நசுக்கினாலும் சாகாது. காட்டுக்குப் போய்வந்தால் பிள்ளைகளின் தொப்பியிலும் கழுத்துப் பட்டியிலும் நாங்கள் தேடித்தேடி எடுப்பது இதைத்தான்.

"உங்கள் காளான் சட்டையை எங்கே காயப்போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"உலர்த்தும் அறையில்தான்" என்று இழுத்தார். அந்த மழைச்சட்டை கதவுக்குப் பின்னால் கொளுவியில் தொங்கியது. நான் அனுமதி கேட்காமல் அதன் கழுத்துப் பட்டியைப் புரட்டினேன். தையலுக்குள் இன்னொன்று பதுங்கியிருந்தது. அதையும் டப்பாவுக்குள் போட்டு அவருக்கு நேரே நீட்டினேன்.

நான் எதிர்பார்த்தது என்ன? முகம் சிவக்கும், தலை குனியும் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, நெஞ்சில் கைவைத்து, ஆறுதலாகச் சிரித்தார்.

"அட, இதுவா! கடவுளே, நல்லகாலம்! இது வெறும் காட்டு ஈ!"

அதே பூச்சிதான். எங்களுடையதாக இருந்தபோது சங்கத்தைக் கூட்டவேண்டிய பூச்சி. அவருடையதாக ஆனதும் வெறும் காட்டு ஈ. அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"மேலே வந்து என் அக்காவிடம் சொல்லுங்கள்" என்றேன்.

"என்ன சொல்ல? நான் யாருடைய பெயரையும் எழுதவில்லையே" என்றார். முகத்தில் உண்மையான ஆச்சரியம். நடிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. எழுதியதை இப்போதே அழித்துவிடுகிறேன் என்று என் கண்முன்னே விரலால் தட்டி அழித்தார், எனக்குப் பெரிய உபகாரம் செய்வதுபோல. அவர் எழுதியதை வாசல் முழுக்க வாசித்தது. அழித்ததை யார் வாசித்தார்கள்?

சங்கத் தலைவரிடம் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது மகிழ்ச்சி என்றார். ஆனால் பூச்சிக்காரரை ஏற்கெனவே கூப்பிட்டாகிவிட்டதால், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். யார் வீட்டில்? எங்கள் வீட்டில் மட்டும். அந்த மனிதர் மரியாதையானவர்தான். குனிந்து, டோர்ச் அடித்து, அக்காவின் கட்டிலைப் பார்த்தார். மெத்தையைத் தூக்கச் சொன்னார். அக்கா விரதத்தோடு, முழுகிய ஈரத் தலையோடு, தானே தோய்த்து விரித்த விரிப்பை நீக்கி, தன் மெத்தையை ஒரு அந்நியனுக்குத் தூக்கிக் காட்டினார். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். அந்த மனிதர் ஒன்றுமில்லை, மிகச் சுத்தமான வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். அதை யாரும் பேஸ்புக்கில் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்கள் கதவுப் பிடியில் ஒரு கடதாசிப் பை தொங்கியது. உள்ளே மஞ்சள் காளான். அதை அப்படியே குப்பையில் எறியப் போனேன். அக்கா பறித்தெடுத்தார். "சாப்பாட்டுச் சாமானை எறியாதை. அது என்ன செய்தது?" என்று ஒவ்வொன்றாகத் துடைத்து என் கணவருக்குப் பிரட்டிக் கொடுத்தார். அவரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா போகவில்லை. எப்படி நிறுத்தினேன் தெரியுமா? "இப்ப போனீங்கள் எண்டால், அவை சொன்னது உண்மை எண்டுதான் எல்லாரும் நினைப்பினம்" என்றேன். வேறு என்ன சொல்லியும் கேட்காதவர் அதற்குக் கேட்டார். பெட்டியைத் திறந்து சேலைகளை மறுபடி அலுமாரியில் வைத்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அக்கா இன்று என்னோடு இருப்பது என்னோடு இருக்கப் பிடித்ததாலா, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்பதாலா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கினார்களே, அதுதான் என் கோபம். வடக்கில் உள்ள வீடு இன்னும் விற்கப்படவில்லை. டப்பாவோடு வாசலில் நின்று, இது கடிக்குமோ என்று கேட்பதும் அதோடு நின்றுவிட்டது. இப்போது ஏதாவது பூச்சியைக் கண்டால் யாருக்கும் சொல்லாமல் கடதாசியில் பிடித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிறார்.

விரதத்துக்கு மெத்தையை வெளியே போடுவதும் இல்லை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கூடத்துக்குள் கதிரைகளில் சாய்த்து வைக்கிறார். தோய்த்த விரிப்புகள் கதவுகளில் தொங்கும். வீடு முழுக்க ஈரம்.

இந்த வருடம் நவராத்திரிக்கு முதல் நாள் நல்ல வெயில். எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் மெத்தையை நானே இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அவர் மறுமுனையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "வேண்டாம் பிள்ளை. ஆக்கள் பாப்பினம்." நான் விடவில்லை. எனக்கு வயது குறைவு, பலம் கூட. மெத்தையைக் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டுக் கீழே பார்த்தேன். கீழ்வீட்டுப் பெண்மணி தன் இறகுப் போர்வை, தலையணை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் தன் பால்கனிக் கம்பியில் பரப்பி உதறிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் போர்வையைக் காற்றாட விடாத வீடு ஏது? அண்ணாந்து என்னைக் கண்டதும் முகம் மலரக் கையசைத்தார். எல்லாம் மறந்துபோன முகம். உரத்த குரலில் ஏதோ சொன்னார்.

திரைச்சீலைக்குப் பின்னால், வெளியே வராமல் நின்ற அக்கா கேட்டார்:

"என்னவாம்?"

"படுக்கையைக் காயப்போட நல்ல நாளாம்."

அக்கா திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

"ஓம்" என்றார். "அவவுக்கு."